கண்ணைக் காக்க இமை போதாது!

"கண்ணை இமை காப்பது போல" என்று சொல்வது வழக்கம். பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் தாயை அப்படிச் சொல்வார்கள்.

இமையைவிட நல்ல காவல்காரன் யார்? அவனுக்குக் கூலி வேண்டாம். கூப்பிட வேண்டியதும் இல்லை. தூசி வந்தால் தானே மூடுகிறான். கொசு வந்தால் மூடுகிறான். யாராவது கையை ஓங்கினாலும் மூடிவிடுகிறான்.

ஆனால், அந்தக் காவல்காரனால் தடுக்க முடியாத எதிரி ஒன்று இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. கடைக்குப் போய், காசு கொடுத்து, அதை வாங்கி வந்தவர் வீட்டுக்காரரேதான்!

அதுதான் மின்சாரத்தில் ஓடும் கைக்கருவி.

பட்டறையில் இருந்து வீட்டுக்கு

கையில் பிடித்துத் துளை போடும் மின்சார எந்திரம், 1895-ம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்தது. வில்ஹெல்ம் பைன் என்பவரின் தொழிற்கூடத்தில் அதைச் செய்தார்கள்.

1917-ம் ஆண்டில் அமெரிக்காவில் பிளாக், டெக்கர் என்ற இருவர் அதைத் திருத்தி அமைத்தார்கள். துப்பாக்கியில் இருப்பது போல் ஒரு கைப்பிடி. விரலால் அழுத்த ஒரு விசை. அந்த அமைப்புக்குக் காப்புரிமையும் வாங்கினார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் அதே வடிவம்தான்.

ஒரு காலத்தில் இவை தொழிற்சாலையிலும் பட்டறையிலும் மட்டுமே இருந்தன. இன்று ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் இருந்தால் போதும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுக்கலாம்.

சுவரில் அலமாரி மாட்ட டிரில்லிங் மெஷின். இரும்புக் கம்பியை அறுக்கக் கட்டிங் மெஷின். மரத்தை இழைக்க ஒன்று. டைல்ஸ் வெட்ட ஒன்று. தோட்டத்தில் புல் வெட்ட மற்றொன்று.

இதில் தவறு ஒன்றும் இல்லை. அரை நாள் வேலை அரை மணி நேரத்தில் முடிகிறது. தன் வீட்டு வேலையைத் தானே செய்வது நல்ல பழக்கம்தான்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. எந்திரம் வீட்டுக்கு வந்தது. அதோடு வர வேண்டிய கண்ணாடி மட்டும் வரவில்லை!

வேகம் எவ்வளவு?

கட்டிங் மெஷினில் மாட்டும் சிறிய வட்டின் குறுக்களவு 10 சென்டி மீட்டர். நிமிடத்துக்கு 11 ஆயிரம் முறை சுற்றும் மெஷின்கள் சாதாரணமாகக் கடைகளில் கிடைக்கின்றன.

பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்தால் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். வட்டின் சுற்றளவு ஏறக்குறைய 31 சென்டி மீட்டர். ஒரு நிமிடத்தில் அதன் விளிம்பு ஓடும் தூரம் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ மீட்டர்.

அதாவது, மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேல்!

கிரிக்கெட்டில் மிக வேகமாகப் பந்து போடுகிறவர்கள்கூட மணிக்கு 150, 160 கிலோ மீட்டர் வேகத்தில்தான் போடுகிறார்கள். அந்தப் பந்துக்கே தலைக்கவசம் போட்டுக்கொண்டு நிற்கிறார் ஆட்டக்காரர்.

வட்டில் பட்டுத் தெறிக்கும் இரும்புத் துகள், ஏறக்குறைய விளிம்பு ஓடும் அந்த வேகத்திலேயே கிளம்புகிறது. அது வெறும் துகளும் அல்ல. சூடேறி, காற்றில் எரிந்துகொண்டே வருகிறது. தீபாவளி மத்தாப்புப் போல அழகாகத் தெரிவது அதுதான்.

இப்போது இமையின் வேகத்தைப் பார்ப்போம். ஆபத்தைக் கண்டு இமை மூடுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமாவது பிடிக்கும். மிகவும் குறைந்த நேரம்தான். ஆனால், மெஷினுக்கும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு அடி. அதைத் தாண்டத் துகளுக்கு ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரமே போதும்.

இமை மூடுவதற்கு முன்பே துகள் உள்ளே போய்விடுகிறது. கதவைச் சாத்துவதற்குள் திருடன் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். பிறகு கதவைச் சாத்தி என்ன பயன்?

"நான் கவனமாகத்தான் வேலை செய்வேன்" என்று பலர் சொல்கிறார்கள். கவனம் கையைக் காக்கும். பொருளைக் காக்கும். கண்ணைக் காக்காது. எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும், அவருடைய இமையின் வேகம் கூடப்போவது இல்லை.

ஐந்து தாள் கனம்!

கண்ணின் முன்பக்கத்தில், கருவிழியின் மேல் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. அதன் நடுப்பகுதியின் கனம் ஏறக்குறைய அரை மில்லி மீட்டர். நோட்டுப் புத்தகத்தின் தாள்கள் ஐந்தை அடுக்கினால் எவ்வளவு கனமோ, அவ்வளவுதான்.

இரும்புத் துகள் அதில் பட்டு ஒட்டிக்கொண்டால், சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். துகளைச் சுற்றி வளையம் போல் துரு படியும். கண் சிவக்கும். கூசும். தண்ணீர் கொட்டும். டாக்டர் அதை எடுத்துவிடலாம். ஆனால், நடுவில் பட்ட காயம் ஆழமாக இருந்தால் தழும்பு நிற்கும். பார்வையில் மங்கல் நிற்கும்.

இதைவிட மோசமானது வேறு ஒன்று. துகள் படலத்தைத் துளைத்துக்கொண்டு கண்ணுக்குள்ளே போய்விடுவது. சுத்தியலால் உளியை அடிக்கும்போதும் இப்படி நேர்வது உண்டு.

விந்தை என்ன என்றால், சில சமயங்களில் அதிக வலியே இருக்காது. பார்வையும் அப்போதைக்கு நன்றாகவே இருக்கும். "ஏதோ பட்டது, சரியாகிவிட்டது" என்று ஆள் சும்மா இருந்துவிடுவார். உள்ளே கிடக்கும் இரும்பு மெல்ல மெல்லத் துருவாகி, கண்ணின் உட்பகுதிகளைக் கெடுக்கும். பார்வை குறையும்போதுதான் தெரியவரும். அப்போது காலம் கடந்திருக்கும்.

கண்ணாடியை மறந்த விமானி

ஒரே ஒரு தடவை கண்ணாடியை மறந்தால் என்ன ஆகும்? இங்கிலாந்து நாட்டின் போர் விமானி ஒருவரின் கதை அதைச் சொல்கிறது.

அவர் பெயர் கார்டன் கிளீவர். இரண்டாம் உலகப்போர் நடந்த சமயம். 1940-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி. எதிரி விமானங்கள் வருகின்றன என்று தகவல் வந்தது. கிளீவர் ஓடிப்போய் விமானத்தில் ஏறினார். அந்த அவசரத்தில், கண்ணில் மாட்டும் கண்ணாடியை மறந்துவிட்டார்.

வானத்தில் சண்டை நடந்தது. குண்டு பட்டு, விமானி உட்காரும் அறையின் மேல்மூடி நொறுங்கியது. அது பிளாஸ்டிக் மூடி. அதன் சில்லுகள் அவருடைய இரண்டு கண்களிலும் பாய்ந்தன. எதுவும் தெரியாத நிலையிலும் அவர் பாரசூட்டில் குதித்து உயிர் தப்பினார்.

முகத்திலும் கண்களிலும் 18 ஆபரேஷன்கள் நடந்தன. வலது கண் பார்வை போனது போனதுதான். இடது கண்ணில் ஓரளவு பார்வை மிஞ்சியது.

அவருக்குச் சிகிச்சை செய்தவர் ஹரால்டு ரிட்லி என்ற கண் டாக்டர். கண்ணுக்குள் தங்கிவிட்ட பிளாஸ்டிக் சில்லுகளால் கண் புண்ணாகவில்லை என்பதை அவர் கவனித்தார். "அப்படியானால், இதே பொருளில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைக்கலாமே!" என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1949-ம் ஆண்டில் லண்டனில் அதைச் செய்தும் காட்டினார்.

இன்று கண்புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸ் அப்படிப் பிறந்ததுதான். மதுரையிலும் அத்தகைய லென்சுகள் தயாராகின்றன. வீட்டில் உள்ள தாத்தாவும் பாட்டியும் பேப்பர் படிப்பது அதன் தயவால்தான்.

உலகத்துக்கு லென்ஸ் கிடைத்தது. ஆனால், கிளீவருக்கு வலது கண் திரும்பக் கிடைக்கவில்லை.

அவர் போரில் இருந்தார். நாட்டைக் காக்கும் அவசரம் அவருக்கு இருந்தது. சுவரில் ஆணி அடிக்கத் துளை போடுகிறவருக்கு என்ன அவசரம்?

பக்கத்தில் நிற்கும் பிள்ளை

வீட்டில் மெஷின் சத்தம் கேட்டால் முதலில் ஓடி வருவது பிள்ளைகள்தான். தீப்பொறி பறப்பதைப் பார்க்க அவர்களுக்குக் கொள்ளை ஆசை. அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

பிரான்சு நாட்டில் கூப்ரே என்று ஒரு சிற்றூர். அங்கே குதிரைகளுக்குத் தோல் வார் தைக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். அவருக்கு மூன்று வயதில் ஒரு மகன். 1812-ம் ஆண்டில் ஒரு நாள், அப்பாவின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்த அந்தக் குழந்தை, தோலில் துளை போடும் ஊசியை எடுத்தது. ஊசி நழுவி ஒரு கண்ணில் குத்திவிட்டது.

காயம் பட்டது ஒரு கண்ணில்தான். ஆனால், கேடு மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்களும் இருண்டன.

அந்தக் குழந்தைதான் லூயி பிரெய்லி! பார்வை இல்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தைக் கண்டுபிடித்த மேதை.

பிரெய்லி மேதை ஆனார். எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆக முடியுமா? எந்திரம் ஓடும்போது பிள்ளைகள் வேறு அறையில் இருக்க வேண்டும். உதவிக்கு ஏணியையோ பலகையையோ பிடித்துக்கொண்டு நிற்கும் மனைவிக்கும் தம்பிக்கும் ஆளுக்கு ஒரு கண்ணாடி வேண்டும். தெறிக்கும் துகளுக்கு, மெஷின் பிடிப்பவர் யார், வேடிக்கை பார்ப்பவர் யார் என்று தெரியாது.

சட்டம் வாசலோடு நின்றது

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 35-வது பிரிவு கண் பாதுகாப்பைப் பற்றியது. துகள் தெறித்துக் கண்ணில் படக்கூடிய வேலைகளுக்குத் தடுப்போ, தகுந்த கண்ணாடியோ கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. கேட்பதற்கு அதிகாரியும் இருந்தார்.

வீட்டுக்கு எந்த அதிகாரி வரப்போகிறார்? வீட்டில் அதிகாரி, வீட்டுக்காரிதான்!

"என்னங்க, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு செய்யக் கூடாதா?"

"ரெண்டு நிமிஷ வேலைதானே! இதுக்குப் போய் யார் கண்ணாடி தேடுறது?"

எத்தனையோ வீடுகளில் நடக்கும் பேச்சு இது. இரண்டு நிமிட வேலை என்பது உண்மைதான். கட்டிங் மெஷின் வட்டு அந்த இரண்டு நிமிடத்தில் 22 ஆயிரம் தடவை சுற்றிவிடும் என்பதும் உண்மைதான். துகள் கண்ணில் பாய்வதற்கு ஒரு சுற்று போதும்.

இதற்குச் சண்டை வேண்டாம். ஒரு சின்ன ஏற்பாடு போதும். மெஷின் இருக்கும் பெட்டியிலேயே, மெஷினுக்கு மேலே கண்ணாடியை வையுங்கள். கண்ணாடியை எடுக்காமல் மெஷினை எடுக்க முடியாது. கண்ணில் மாட்டிய பிறகுதான் பிளக்கைச் சொருக வேண்டும். இதை வீட்டுச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கண்ணாடி?

படிப்பதற்குப் போடும் மூக்குக் கண்ணாடி போதாது. அதன் பக்கவாட்டு திறந்து கிடக்கிறது. பலமாக அடிபட்டால் அதுவே உடைந்து கண்ணுக்குள் போகவும் கூடும். வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாசும் உதவாது.

பாதுகாப்புக் கண்ணாடி என்று கேட்டு வாங்க வேண்டும். அது பாலிகார்பனேட் என்ற பொருளால் ஆனது. 1953-ம் ஆண்டில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1969-ம் ஆண்டில் சந்திரனில் இறங்கியவர்களின் தலைக்கவசத்தில் இருந்ததும் அந்தப் பொருள்தான்! எளிதில் உடையாது.

பக்கவாட்டில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.எஸ். 5983 என்ற இந்தியத் தர எண்ணோ, ஐரோப்பாவின் இ.என். 166 என்ற எண்ணோ, அமெரிக்காவின் இசட் 87 என்ற எண்ணோ அதில் இருந்தால் நல்லது. விலை அதிகம் இல்லை. நூறு, இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது.

தலைக்கு மேலே கூரையில் துளை போடுவதானால், தூசி கொட்டும். அதற்கு முகத்தோடு ஒட்டி நாலு பக்கமும் மூடும் கண்ணாடி வேண்டும். கட்டிங் மெஷினுக்கு அந்தக் கண்ணாடியோடு முழு முகத்தையும் மூடும் மறைப்பும் இருந்தால் மிகவும் நல்லது. வட்டு உடைந்து பறப்பதும் உண்டு. ஆகவே, மெஷினில் உள்ள இரும்பு மூடியைக் கழற்றவே கூடாது.

வெல்டிங் வேலைக்கு இந்தக் கண்ணாடி ஆகாது. அந்த ஒளி கண்ணைச் சுடும். அதற்கென்று உள்ள கறுப்புக் கண்ணாடித் தடுப்பு வேண்டும்.

கூலிக்கு வந்தவர் கண்

வீட்டில் டைல்ஸ் ஒட்ட ஆள் வருகிறார். கிரில் கதவு பொருத்த ஆள் வருகிறார். கண்களைச் சுருக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர்கள் இரும்பை அறுப்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். வீட்டுக்காரர் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார். வடை வாங்கிக் கொடுக்கிறார். கண்ணாடி?

"அது அவர் தொழில். அவர் பாடு" என்று சிலர் சொல்லக்கூடும். அது நியாயம் அல்ல. அவர் வெட்டுவது இந்த வீட்டு இரும்பு. அன்றாடக் கூலி வாங்குகிறவருக்குக் கண் போனால் தொழில் போயிற்று. தொழில் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"கொடுத்தாலும் போட மாட்டேன் என்கிறார்களே!" என்று கேட்கலாம். அதற்கும் காரணம் இருக்கிறது. மூச்சுப் பட்டு, வியர்வை பட்டுக் கண்ணாடி மங்குகிறது. கீறல் விழுந்த கண்ணாடியில் கோடு சரியாகத் தெரிவதில்லை. குறை தொழிலாளியிடம் இல்லை, கண்ணாடியிடம் இருக்கிறது. காற்றுத் துளை உள்ள கண்ணாடியாகப் பார்த்து வாங்க வேண்டும். அடிக்கடி சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். கீறல் விழுந்தால் மாற்ற வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் இதில் கடமை உண்டு. இருசக்கர வண்டி விற்கும்போது ஹெல்மெட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. டிரில்லிங் மெஷினோடும், கட்டிங் மெஷினோடும் ஒரு கண்ணாடி ஏன் சேர்ந்து வரக் கூடாது? வாடகைக்கு விடும் கடையில் வட்டு கொடுக்கிறார்கள். துளை போடும் பிட் கொடுக்கிறார்கள். கண்ணாடியும் கொடுத்து, "இதைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? சட்டம் வருகிற வரையில் காத்திருக்க வேண்டியது இல்லை.

பட்டுவிட்டால் என்ன செய்வது?

கண்ணைக் கசக்கக் கூடாது. கசக்கினால் துகள் இன்னும் ஆழமாகப் போகும்.

வெறும் தூசி என்றால் சுத்தமான தண்ணீரால் கழுவலாம். சுண்ணாம்போ, சிமெண்டோ பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

குத்தி நிற்கும் துகளைச் சேலை முனையாலோ, தீக்குச்சியாலோ எடுக்கக் கூடாது. நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது போன்ற கை வைத்தியமும் கூடாது. கண்ணை அழுத்தாமல், ஒரு காகிதக் கப்பால் மேலே மூடிக்கொண்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். வலி குறைந்துவிட்டாலும் போக வேண்டும். "மெஷினில் வேலை செய்தபோது பட்டது" என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இந்த வாரமே வாங்குங்கள்

கை ஒடிந்தால் எலும்பு கூடும். தோல் கிழிந்தால் புதுத்தோல் வளரும். பல் போனால் பல் கட்டிக்கொள்ளலாம். பார்வையை இழந்த கண்ணுக்குப் பதிலாக வேறு ஒரு முழுக் கண்ணை வைத்து, பார்வையைத் திரும்பக் கொடுக்கும் வித்தையை டாக்டர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஆயிரக்கணக்கில் கொடுத்து மெஷின் வாங்குகிறவர், நூறு ரூபாய்க் கண்ணாடிக்குக் கணக்குப் பார்ப்பது சிக்கனம் அல்ல.

வீட்டில் மெஷின் இருக்கிறதா? அப்படியானால், இரண்டு கண்ணாடிகள் வாங்கி அந்தப் பெட்டியில் போடுங்கள். ஒன்று வேலை செய்பவருக்கு. இன்னொன்று உடன் நிற்பவருக்கு.

அடுத்த தடவை மெஷினைக் கையில் எடுக்கும்போது, வீட்டில் உள்ள யாராவது ஒருவர், "கண்ணாடி எங்கே?" என்று கேட்கட்டும். கேட்பது சின்னக் குழந்தையாக இருந்தாலும் சரி, அதற்குக் கட்டுப்படுங்கள்!